ஆயில் சூடாகும் வரை

"ஆயில் சூடாகட்டும்" என்றான் எக்ஹார்ட்.

காஸல் நகரத்து ஆஸ்பத்திரியில் இர்மெலாவின் அப்பா இழுத்துக்கொண்டு கிடந்தார். இன்றைக்கே வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவள் புருஷனோ வீட்டிலிருந்து கிளம்பி ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறிய பிறகும் வண்டியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"நானே செத்தாலும் ஆயில் சூடான பிறகுதான் என்னை எடுத்துட்டுப் போவே."

"சூடாகாம முடுக்கினா எஞ்சின் போயிடும் இர்மெலா. உனக்கே தெரியும்."

தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும். ஒன்பது வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டோடு அதையும் சேர்த்துத்தானே பரிமாறுகிறான்.

நாலு கதவு, ஆறு சிலிண்டர். தெருவில் நிற்கும்போது ஆபீசுக்குப் போகிற பெரிய அதிகாரி மாதிரி அடக்கமாக இருக்கும். மிதித்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். சீட் கட்டாந்தரை. சாலையில் ஒரு சாக்கடை மூடி வந்தால் இர்மெலாவின் முதுகெலும்புக்குச் சேதி வந்துவிடும். சனிக்கிழமை என்றால் வண்டிக்குக் குளியல். கராஜ் சுவரில் கதவு இடிக்காமலிருக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தான். அவள் முழங்காலுக்கு ஒரு நாளும் அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அவள் எப்போதும் ஜன்னலுக்கு மேலிருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்றே வந்தவள். அப்பா அதற்கு நேர் எதிர். மருமகன் வந்தால் முன் சீட்டில் ஏறிக்கொண்டு "மிதிடா" என்பார்.

நேற்றுகூட தம்பி லோதர் போனை அவர் காதில் வைத்தபோது, "எக்ஹார்ட் வண்டியிலதானே வர்றே? அப்போ காத்திருக்கேன்" என்றார்.

கண் திறந்திருக்கும்போதே அவரை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். இர்மெலாவுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

ஒருவழியாக ஆயில் முள் நடுவுக்கு வந்தது. எக்ஹார்ட் மிதித்தான்.

இடதுபக்க வேகத் தடத்தில் முன்னால் போனவர்களெல்லாம் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். ரோன் மலைகள் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போயின. இர்மெலா பிடியைத் தொடவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டியை அவளுக்குப் பிடித்திருந்தது. ஓடு, ஓடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வேகத்துக்கு அது பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். ஃபுல்டா தாண்டியதும் நிறுத்த வேண்டியதாயிற்று.

பணம் கட்ட உள்ளே போனவன் சீக்கிரம் வரவில்லை. வந்தபோது கையில் காகிதத்தில் சுற்றிய பிரெட்ஸல் ரொட்டி, நடுவில் பிளந்து வெண்ணெய் தடவியது.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே. வண்டியிலேயே சாப்பிடு."

அந்த வண்டிக்குள் இதுவரை ஒரு பிஸ்கட் துணுக்கு விழுந்தது கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வேஃபர் கொடுப்பதற்காகக்கூட ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் மழையில் இறக்கியவன். பரவாயில்லை, இவனுக்கும் உள்ளே கொஞ்சம் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் கடித்தாள். உப்புக் கற்களும் பொருக்கும் மடியிலும் சீட்டிலும் சிந்தின. எக்ஹார்ட் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபடி சாலை. கொஞ்ச தூரத்தில் வேகக் கட்டுப்பாடு முடிந்தது என்று சொல்லும் வட்டப் பலகை வந்தது. அந்தப் பலகையைப் பார்த்தாலே அவன் வலது கால் தானாக இறங்கிவிடும்.

இறங்கவில்லை. ஒரு உருளைக்கிழங்கு லாரிக்குப் பின்னால் வலது தடத்திலேயே போய்க்கொண்டிருந்தான். சின்னச் சின்ன வண்டிகளெல்லாம் அவர்களைத் தாண்டிப் போயின.

"என்ன ஆச்சு? மிதியேன்."

"ஆயில் ஆறிடுச்சு."

இர்மெலா மெல்லுவதை நிறுத்தினாள். ஒரு தடவை சூடானால் சுலபத்தில் ஆறாது என்று பாடம் எடுத்தவனே அவன்தான். எட்டிப் பார்த்தாள். முள் நடுவில்தான் நின்றது.

அவள் தலைமுடி வெட்டிக்கொண்டு வந்த அன்று பொய் சொல்லியிருக்கிறான். லோதர் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பொய் சொல்லியிருக்கிறான். வண்டி விஷயத்தில் மட்டும் அவன் வாயிலிருந்து பொய் வந்ததே கிடையாது.

அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு, புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் போல ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

பெட்ரோல் நிலையத்துக்குள் அவன் ஏன் அவ்வளவு நேரம் நின்றான் என்று புரிந்தது. லோதர் போனில் தன்னைக் கூப்பிடாமல் அவனைக் கூப்பிட்டிருக்கிறான். என்ன சொல்லியிருப்பான் என்பதும் புரிந்தது.

கேட்டுவிடலாம். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். பாவம், அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயமாக இருந்தது. காஸல் வந்துவிடுமே என்ற பயம்.

கொஞ்ச நேரத்தில் உருளைக்கிழங்கு லாரி விளக்கைச் சிமிட்டிக்கொண்டு வலப்பக்கமாகப் பிரிந்து இறங்கிப்போனது. முன்னால் சாலை திறந்து கிடந்தது. எக்ஹார்ட் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி சாலையைப் பார்த்தான்.

"அதோ, தூரத்துல இன்னொரு லாரி போகுது பாரு" என்றாள் இர்மெலா. "அது பின்னாடியே போ."