சாட்சிக் கையெழுத்து

சந்தைநாள் இரைச்சல் கதவுக்கு வெளியே கேட்கிறது. மதுக்கடைப் பின்னறையில் முதலாளி ஹார்னெட், ஐரிஷ் விடுதலைப் படையின் பழைய தளபதி, லீஹியின் போராளி பென்ஷன் படிவத்தை பீர்க் கறை படிந்த மேசையில் விரித்து வைத்திருக்கிறான். கோட்டில் பதக்கம் பளபளக்கிறது, காலையில்தான் தேய்த்திருப்பான். எதிரே நிற்கும் லீஹி தொப்பியைக் கழற்றவில்லை. இரண்டு விரல் போன அவன் இடது கையிலிருந்து மழைநீர் சொட்டுகிறது.

“பாலத்துல பிரிட்டிஷ் லாரிய மறிச்ச அன்னைக்கு நீ இருந்தியா? எனக்கு ஞாபகமே இல்லையேப்பா.” ஹார்னெட் பேனாவை விரல்களுக்கிடையே உருட்டுகிறான்.

“எப்படி இருக்கும்? முதல் குண்டுக்கே வேலி தாண்டி ஓடிட்டியே.”

பேனா நிற்கிறது.

“அப்புறம் எதுக்குடா என்கிட்ட வந்த?”

“உயிரோட இருக்கற சாட்சி வேணுமாம். என்கூட நின்னவனெல்லாம் மண்ணுக்குள்ள இருக்கான். ஓடினதால நீதான் மிச்சம். போடு கையெழுத்த.”