வாளை ஓங்கலாம், வெட்டக்கூடாது

“வெட்டினேன்னு எழுதாதய்யா. வாளை ஓங்கினேன்னு மட்டும் எழுது. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

கணினித் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான் லிஃப்ட் மெக்கானிக். கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

“யாருங்க அது, உங்ககிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறது?”

“இரும்பன்னு ஒரு புது ஆளு. அவன் எங்க முழிக்கிறான், நான்தான் முழிக்கிறேன்.”

மற்ற நாட்களில் அவன் கையெல்லாம் கிரீஸோடு மாடி மாடியாக ஏறி இறங்குபவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோட்டை வாசல் காவலர். பாதியில் நின்றுபோன ஒரு ராஜா ராணித் தொடரின் ரசிகர்கள், ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தாங்களே எழுதி நடத்தும் இணைய விளையாட்டு அது. யார் எந்த வேடத்தில் இருக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுத்துத் தேர்வுக்குத் தயார் செய்வது காவலர் வேலை. அந்த வேலையில் அவனுக்கு இருந்த பெருமை, சம்பளம் வாங்கும் வேலையில்கூட இருந்ததில்லை.

“அப்படி என்னங்க பெரிய விதி?”

“நீ என்ன செய்யறியோ அதை மட்டும்தான் நீ எழுதலாம். அதனால எதிராளிக்கு என்ன ஆச்சுன்னு எதிராளிதான் எழுதணும். இவன் வந்த அன்னிக்கே, ‘நான் உள்ளே நுழைந்தேன், படை மொத்தமும் என் காலில் விழுந்தது’ன்னு எழுதிட்டான். படையில இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? என்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க.”

சொல்லிக்கொண்டே அவன் தட்டினான்: “நன்று வீரரே. இன்னொரு முறை முயலுங்கள்.”

“வாய்ல ஒண்ணு, கையில ஒண்ணா?” என்று சிரித்தாள் மனைவி.

“வாசல்ல நிக்கிறவன் கடுகடுன்னு இருந்தா யாரு உள்ள வருவா?”

பக்கத்து அறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. “உன் வீட்டுக்காரர்கிட்ட மெதுவாத் தட்டச் சொல்லு. சுவரே அதிருது.”

மகள் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன் என்பதால், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாமியார் அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உப்பு வேண்டுமானாலும் மகள் வழியாகத்தான் கேட்பார். அவனும் அதே வழியில் பதில் அனுப்பிப் பழகிவிட்டான்.

“இனிமே பூ மாதிரித் தட்டறேன்னு உங்க அம்மாகிட்ட சொல்லு,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “ஏற்கெனவே என்கிட்ட படிச்ச ரெண்டு பேரு தேர்வுல தோத்துட்டாங்க. இன்னிக்கு இரும்பனும் தோத்தா, வாசலை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க.”

“அப்போ வேற நல்ல ஆளாப் பார்த்து அனுப்பவேண்டியதுதானே?”

“மாட்டேன். திருப்பி எழுதுன்னா எழுதறான், கோவிச்சுக்கிட்டு ஓடலை. இந்த மாதிரி பிடிவாதக்காரனை நான் பார்த்ததே இல்ல.”

தேர்வு தொடங்கியது. தேர்வாளர் சேனாபதி. பொல்லாதவர். புது ஆளுக்குக் கோபமூட்டிப் பார்ப்பதுதான் அவர் வைக்கும் சோதனை. கோபத்தில் ‘தலையை வெட்டினேன்’ என்று எழுதிவிட்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம்.

சேனாபதியின் வரி வந்தது. “உனக்குப் பாடம் சொன்னவன் யார்? வாசலில் நிற்பதைத் தவிர வேறெதற்கும் லாயக்கில்லாத காவலன். அவனிடம் படித்த நீ மட்டும் உருப்படப் போகிறாயா?”

மெக்கானிக் திரையை நெருங்கி உட்கார்ந்தான். மனைவி துணியைப் போட்டுவிட்டு அவன் பின்னால் வந்து நின்றாள்.

“போச்சு. வெட்டப் போறான்,” என்றான் அவன்.

இரும்பனின் வரிகள் ஒவ்வொன்றாக வந்தன.

“சேனாபதியாரே, நானும் அவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். அடுத்தவர் கதையையும் நானே எழுதிப் பழகிய முரட்டுப் பிறவி நான். அது தவறு என்று எனக்குச் சொல்ல இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை. அவர் சொன்னார். மனதுக்குள் எவ்வளவு திட்டினாரோ, எனக்கு எழுதியதெல்லாம் ‘இன்னொரு முறை முயலுங்கள்’ என்பது மட்டும்தான். அவரைப் பழித்த உங்கள் எதிரே இதோ வாளை ஓங்கினேன். அது விழுந்ததா இல்லையா என்று நீங்களே எழுதுங்கள்.”

சேனாபதி எழுதினார்: “விழுந்தது. நான் தலைவணங்கினேன். வீரரே, கோட்டைக்குள் வாருங்கள். காவலரே, வாசல் என்றும் உங்களுடையது.”

திரை முழுக்க வாழ்த்துகள் குவிந்தன. மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஒரு மாணவனைப் பெற்ற வாத்தியாருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? நெஞ்சு கொள்ளவில்லை அவனுக்கு.

“பார்த்தியா? என் ஆளு. அவனை மட்டும் நேர்ல பார்த்தேன், அப்படியே கையைப் பிடிச்சுக்குவேன்.”

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மூக்குக் கண்ணாடியும் கையில் செல்போனுமாக வெளியே வந்த மாமியார், மகளைப் பார்க்காமல் நேராக அவன் எதிரே வந்து நின்றார்.

“அந்தச் சேனாபதி உங்களை அப்படிப் பேசினதும் எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு, மாப்பிள்ளை. அவசரத்துல எங்கயாவது தப்பாத் தட்டிட்டேனா?”