பொம்மைக்கு வலிக்காது

தீயணைப்பு நிலையத்தின் ஷட்டர் பாதி தூக்கியிருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக் காலை வெயில் சிமெண்ட் தரையில் ஊர்ந்து வந்து, மல்லாந்து கிடக்கும் ரப்பர் பொம்மையின் காலடியில் நிற்கிறது. ஆம்புலன்ஸ் வேலைக்கான பயிற்சியின் முதல் நாள். மீசை அரும்பாத பிள்ளைகளுக்குப் பின்னால், கடைசி வரிசையில் நரை தட்டிய நீல் உட்கார்ந்திருக்கிறான். பட்டாளத்தில் அடிபட்டவர்களுக்கெல்லாம் கட்டுப்போட்டவன். அங்கே எல்லோருக்கும் அவன் 'டாக்', டாக்டர் என்பதன் செல்லச் சுருக்கம். அந்தப் பட்டாளத்துப் படிப்பு இங்கே செல்லாதாம், முதலிலிருந்து படிக்க வேண்டுமாம். "மேலிடத்துல நான் பேசுறேன் டாக், நீ கவலைய விடு" என்ற பழைய பட்டாளத்துக் கூட்டாளி கர்ட்டிஸ்தான் இன்று கேப்டன் சட்டையில் வகுப்பெடுக்கிறான். அவன் யாரிடமும் பேசவேயில்லை என்று நீலுக்கு நேற்றுதான் தெரிந்தது. கர்ட்டிஸ் கால்சட்டையைச் சுருட்டித் தழும்பைக் காட்டுகிறான். "ரத்தம் பீய்ச்சி அடிச்சுது. ரத்தம் நிக்கிற மாதிரி பட்டையப் போட்டு முறுக்கி இறுக்குனதாலதான் இந்தக் காலு இருக்கு." "யார் சார் இறுக்குனது?" முன்வரிசைப் பெண் கேட்கிறாள். அன்று அந்தப் பட்டையை முறுக்கிய நீலின் விரல்கள் தொடைமேல் தாமாக முறுக்குகின்றன. கர்ட்டிஸ் துணியை இறக்கிவிட்டுக்கொள்கிறான். "பட்டாளத்துல யாரோ ஒருத்தன்." பட்டையொன்றை எடுத்துக் கடைசி வரிசையிலிருக்கும் நீலிடம் நீட்டுகிறான். "நீங்க வாங்க சார். பயப்படாதீங்க, தப்பாப் போட்டாலும் பொம்மைக்கு வலிக்காது."