கல்லின் பெயர் நஸ்னீன்

“அந்தக் கல்லுக்கு ரெண்டு லட்சம் தர்றேன் பாய். நம்ம கடை பேரை வெச்சிடு” என்றார் மாணிக்கவாசகம்.

கல் இருந்தது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே. பட்டுக்கடை முதலாளிக்கு அதெல்லாம் ஒரு தூரமா?

“பேரு விலைக்கு இல்ல முதலாளி” என்று மேடையிலிருந்தே சிரித்தார் ஜாஹிர். “ஏற்கெனவே வெச்சாச்சு. நஸ்னீன். என் சம்சாரம் பேரு.”

பெரிய காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டபம் கைதட்டியது. பூமியை நெருங்கும் விண்கற்களைத் தேடும் ஊர்க்குழு, வருஷக்கணக்காகக் கணினியில் வானப் படங்களைப் புரட்டி, பூமிப்பக்கமே வராத ஒரு சாதுக் கல்லைப் பிடித்திருந்தது. ஏனாத்தூரில் திறக்கப்போகும் வானியல் கூடத்தை நடத்தும் வேலை, கண்டுபிடித்தவருக்கே என்று சற்றுமுன்தான் அறிவித்திருந்தார்கள். சரிகை வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்ட ஜாஹிருக்கு இனிமேல் மாதச் சம்பளம்.

முதலாளி விடவில்லை. பேரம் படியாவிட்டால் சரக்கில் குறையாவது சொல்லியாக வேண்டும். “அட, உன் பேரையே வெச்சிக்கினு இருக்கலாமே?”

“கண்டுபிடிச்சவங்க தன் பேரை வைக்கக் கூடாதுங்க. உலகம் பூரா அதான் விதி.”

திரையில் நான்கு படங்கள் மாறி மாறி ஓடின. நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகளில் ஒன்று மட்டும் நகருமாம்.

“அது எது சார்?” பின்வரிசையில் ஒரு கல்லூரி மாணவி எழுந்தாள்.

ஜாஹிர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கையிலிருந்த குச்சியை மேடையில் பக்கத்தில் நின்ற மனைவியிடம் நீட்டினார். “உன் கல்லு. நீயே காட்டு.”

மண்டபம் உருகிவிட்டது. நஸ்னீன் குச்சியை வைத்தாள். அடுத்த படத்தில் புள்ளி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

பந்தியில் முதலாளியின் மனைவி அம்சா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “குடுத்து வெச்சவம்மா நீ! எங்க வூட்டுக்காரரு கடைக்கு அவரு அம்மா பேரு, வேனுக்குத் தங்கச்சி பேரு. என் பேரு கேஸ் புக்குலகூட இல்ல. உனக்கு வானத்துலயே எழுதிட்டாரே! வேலையும் வந்தாச்சு. இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிக்கினு இருக்குற?”

நஸ்னீன் இலையை மடித்தாள். பிரியாணி அப்படியே இருந்தது.

“அது நான் கண்டுபிடிச்ச கல்லு, அக்கா. என் பேரை வெச்சிட்டாரு, இனிமே என்னுதுன்னு சொல்ல முடியாது. கணக்கு நேர்.”