சாத்தத் தெரிந்த கதவு

முதல் குற்றம், முதல் வேலைநிறுத்தத்தில் ஆலை வாயிற்கூட்டத்துக்குக் கருங்காலி வரவில்லை. இரண்டாவது, அடுத்த வேலைநிறுத்தத்தில் எல்லோரும் பார்க்க ஆலைக்குள் போனான். மூன்றாவதுதான் மன்னிக்க முடியாதது. மூன்றாவது வேலைநிறுத்தத்துக்கு முந்தின பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று, "வேணாம்ண்ணே, இது தோக்கும்" என்றான்.

தோற்றது.

அந்தப் பழியையும் அவன் தலையிலேயே போட்டுத் துண்டறிக்கை அடித்தார் சங்கத் தலைவர். கூடப்பிறந்த தம்பிக்குக் கருங்காலி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அண்ணன் தம்பி பேச்சு அன்றோடு நின்றது. இப்போது இருவருக்குமே தலை வெளுத்துவிட்டது.

"சொந்தத்துல யாரும் இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்கப்போய்த்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி தலைவர் இதையெல்லாம் வரிசை மாறாமல் எடுத்துவிட்டார். சுற்றி நின்ற சங்கக் கமிட்டி உச்சுக்கொட்டியது.

டாக்டரம்மா இதயப் படத்தில் விரலை வைத்தார். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் வலது மேல் அறைக்கு வரும். பிறகு கீழ் அறை, நுரையீரல். அங்கே காற்று வாங்கிக்கொண்டு இடது மேல் அறை, இடது கீழ் அறை, மறுபடி உடம்பு. ஒவ்வோர் அறையின் வாசலிலும் ஒருவழிக் கதவு.

"உங்க இடது பக்கம், ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்கிற கதவு நல்லாத் திறக்குது. சாத்த மாட்டேங்குது. ரத்தம் வந்த வழியே திரும்புது. கதவுன்னா சாத்தவும் தெரியணும் இல்லையா?"

தைத்தால் போதுமா, புதுசு வைப்பதா என்பது நெஞ்சைத் திறந்தால்தான் தெரியுமாம். இக்கட்டு வந்தால் வெளியே நிற்கும் ஒருவரைக் கேட்பாராம். அவர் யாரென்று சாட்சிகள் முன்னால் சொல்லச் சொன்னார்.

கமிட்டி நெஞ்சை நிமிர்த்தியது.

தலைவர் செயலாளரைப் பார்த்தார். "புதுசு வெக்கலாமான்னு கேட்டா என்னய்யா சொல்வே?"

"நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் தலைவரே."

"நான் மயக்கத்துல இருப்பேன்யா."

"அப்பவும் அதுதான் தலைவரே."

துணைத்தலைவரும் அதையே சொன்னார். பொருளாளர் அதற்கும் சேர்த்துத் தலையாட்டினார்.

தலைவர் படத்திலிருந்த கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் குனியச் சொல்லிக் காதில் ஏதோ சொன்னார்.

"இது பேரா சார்?"

"வெச்சவன் நான்தான். எழுதிக்கோம்மா. அப்படிக் கேட்டாத்தான் ஆலையில ஆளைக் காட்டுவாங்க."

நர்ஸ் சாட்சிகள் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"நோயாளிக்காக முடிவு சொல்ல வேண்டியவர், உடன்பிறந்த தம்பி, கருங்காலி."