விளக்குப் போட்ட படம்

நகரத்து வேலையை உதறிவிட்டு வந்து இந்தச் சிற்றூரில் ஓவியக்கூடம் திறந்த வத்சலா, கணவன் சிவநேசனைத் தான் வரைந்த படத்தை வாசலுக்கு நேராக மாட்டி, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டிருந்தாள். அவன் மட்டும் கூட வரவில்லை.

முதல் ஆளாக உள்ளே வந்தவள் எதிரே பூ விற்கும் செல்லாயி. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, கூடையிலிருந்து ஒரு முழம் பூவை அறுத்துப் படத்துக்குப் போட்டாள்.

"எப்பக் கண்ணு தவறுனாரு?"

அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்லத்தான் வத்சலா வாயைத் திறந்தாள்.

"போன ஆனியில" என்றாள். அவள் பெட்டியோடு கிளம்பிய மாதம் அது.

செல்லாயி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசியா ஏதாச்சும் பேசுனாரா?"

"கதவைச் சாத்திட்டுப் போன்னாரு."