அலமாரிக்குள் ஒரு ராஜா

மனைவியின் புடவைகளுக்கு நடுவே குந்தியபடி, போனை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவர் குழைந்தார். "கண்ணுங்களா, நான்தான் பேசறேன். என் குரல் கேக்குதா?"

ஹாலில் மனைவி டிவி சீரியலில் மூழ்கியிருந்தாள். இந்த வயதில் மர அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு கிசுகிசுப்பது அவளுக்குத் தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"சரி, எல்லாரும் நாற்பதாம் பக்கத்தை எடுங்க" என்றார்.

அவர் வரலாற்று வாத்தியார். அவர் வாயைத் திறந்தால் வகுப்பே கண்ணை மூடும். வீட்டிலும் அதே லட்சணம்தான். "உங்க பேச்சை டப்பாவுல அடைச்சு வித்தா, தூக்க மாத்திரை விக்கிறவன் கடையை இழுத்து மூடிடுவான்" என்பாள் மனைவி.

போன வாரம் பஸ்ஸில்தான் அவருக்கு ஞானோதயம். அவருடைய கடைசி பெஞ்சுச் சிங்கங்கள் இரண்டு, ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தன. இறங்கவேண்டிய ஸ்டாப் போனதுகூடத் தெரியவில்லை.

"என்னடா அது?"

"பாட்காஸ்ட் சார். ஒரு அக்கா அந்தக் காலத்துக் கப்பல் முழுகின கதை சொல்றாங்க. செமயா இருக்கு!"

"அது ஏழாம் பாடம்டா! போன மாசம்தானே நடத்தினேன்?"

"நீங்களா சார்?"

வாத்தியார் அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். அவருடைய ஸ்டாப்பும் போய்விட்டது.

மறுநாளே, "நானும் பாடத்தைப் பாட்காஸ்ட்டாப் பேசித் தர்றேன்" என்று தலைமையாசிரியை முன்னால் போய் நின்றார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "திங்கக்கிழமை வகுப்புல ஒண்ணு போட்டுக் காட்டுங்க சார். ஒருத்தராவது கடைசிவரைக்கும் முழிச்சிருந்தா சரி. இல்லேன்னா உங்க பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் கொடுத்துடறேன்."

இன்று ஞாயிறு. துணிகளுக்கு நடுவே பேசினால் எதிரொலிக்காது என்று எங்கோ படித்துவிட்டு உள்ளே புகுந்திருந்தார்.

நாற்பதாம் பக்கத்தில், பெற்ற மகனே கோட்டைக்குள் பூட்டிவைத்த ஒரு ராஜாவின் கதை. முதல் பத்தியை வாசிப்பதற்குள் அவருக்கே கொட்டாவி வந்தது. அப்போதுதான் 'க்ளிக்'.

ஒருக்களித்த கதவைக் கண்டால் மனைவிக்கு ஆகாது. போகிற போக்கில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். விளம்பர இடைவேளையில் எழுந்து வந்திருக்கிறாள்.

"ஏம்மா! நான் உள்ள இருக்கேன்!" என்று தட்டினார். சீரியல் மாமியார் அதைவிடச் சத்தமாக அழுதாள். போன் அடித்தார். அவளுடைய போன் ஹாலில் கதறிக் கதறி ஓய்ந்தது.

பாச்சை உருண்டை நெடி மூக்கில் ஏறியது. கால் மரத்துப்போனது. தட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி எங்கோ விழுந்து, புத்தகமும் உதவாமல் போனது. சாவித் துவாரம் வழியாக வந்த ஒரு பொட்டு வெளிச்சம்தான் துணை.

பயத்தை விரட்ட, மறுபடி ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கேளுங்கடா. ராஜாவுக்கு மூச்சு முட்டுது. காலை நீட்ட இடமில்ல. நேத்துவரைக்கும் நாட்டையே ஆண்டவன், இன்னிக்கு ஒரு கதவைத் திறக்க முடியல. கூப்பிட்டா கேக்க ஆளில்ல. அவன் பேச்சை என்னிக்குடா யார் கேட்டாங்க?"

குரல் தானாகத் தழுதழுத்தது. ராஜா இருட்டில் சுவரைத் தடவினான். ஒரு கல் ஆடியது. தூரத்தில் காலடிச் சத்தம்.

நடுவில் டிவி அணைந்தது. சற்றுப் பொறுத்து அந்தப் பொட்டு வெளிச்சமும் போனது.

போச்சு! விளக்கை அணைத்துவிட்டு வெளியே கிளம்பிவிட்டாள்! சாவியும் அவளோடு போயிற்று. ஆனாலும் பாதிக் கதையில் ராஜாவை விட்டுவிட்டு வர அவருக்கு மனமில்லை.

"கல்லை உருவினான். ஆள் நுழையற அளவுக்கு ஓட்டை. தலையை விட்டான், தோளை விட்டான். பின்னாலிருந்து யாரோ அவன் காலைப் பிடிச்சாங்க..."

அதற்குமேல் முடியவில்லை. இரண்டு கையாலும் கதவை அடித்தார். "யாராவது இருக்கீங்களா? திறங்களேன்!"

பொட்டு வெளிச்சம் சட்டென்று திரும்பி வந்தது. கூடவே, ஒரு சாண் தூரத்தில் மனைவியின் குரல்.

"சும்மா தட்டாதீங்க! காலைப் பிடிச்சது யாருன்னு சொல்லுங்க, திறக்கறேன்."